மாமுனி ஊதிய பேட்டரி

செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுக்கிறாராம். ஓட்டலின் பெரிய அரங்கில் உட்கார இடமில்லை. முன்வரிசை முழுக்கப் படித்தவர்கள், ஏ.சி. அங்கேதான் நன்றாக வரும்.

மேடையில் மின்கல மாமுனி. ரசாயனம் படித்தாராம், அப்புறம் தவம் செய்தாராம். எங்கே படித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. லித்தியம் செல் ஒன்றில் பல்பை எரியவிட்டார். பல்பு மங்கி அணைந்தது. செல்லைக் கழற்றி, மின்னழுத்தம் காட்டும் மீட்டரில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மீட்டரில் எண் மெல்ல ஏறியது. அரங்கமே எழுந்து கும்பிட்டது, எங்கள் மாமா உட்பட.

மாமா என் அக்காவின் கணவர். இருக்கிற வீட்டை விற்று மாமுனியின் பேட்டரி தொழிற்சாலையில் பங்கு வாங்கப் போகிறார். வீட்டுப் பத்திரம் மடியில் இருந்தது. அக்காவும் பிள்ளைகளும் எங்கே போய் இருப்பது என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தாள். மருந்துக் கடை நடத்துகிறவள். மாத்திரை போட்டவனுக்கும் போடாதவனுக்கும் சளி ஒரே வாரத்தில் போவதைத் தினம் பார்க்கிறவள். காப்புரிமை கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த மனு எண்ணை மாமுனி காட்டினார்.

“இது மனு போட்டதுக்கு ரசீதுங்க. வேலைக்கு மனு போட்டவனெல்லாம் சம்பளம் வாங்குறானா?”

மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார். நாலு பேர் முன்னால் மானம் போகிறதாம். வீடு போனால் பரவாயில்லை.

அக்கா விடுவாளா? இன்னொரு செல்லையும் அதே மாதிரி பல்பில் எரியவிட்டுத் தீர்த்து, ஊதாமல் மீட்டரில் மாட்டச் சொன்னாள். அதிலும் எண் ஏறியது. தன் அருள் அறை முழுக்கப் பரவிவிட்டதாக மாமுனி விளக்கினார். கைதட்டல் வேறு.

“சரி, ரெண்டுக்கும் உயிர் வந்துடுச்சு. இப்ப பல்பை எரிய விடுங்க.”

முதல் செல் பல்பை ஒரு நொடி மினுக்கிவிட்டுப் படுத்தது. இரண்டாவதும் அப்படியே. மாமுனி ஊதினார், மூச்சிரைக்க ஊதினார். பல்பு எரியவில்லை.

“மூட்டையை இறக்கி வெச்சா யாரா இருந்தாலும் கொஞ்சம் நிமிருவாங்க. அதுக்காகத் தெம்பு திரும்பிடுச்சுன்னு அர்த்தமா? செல்லும் அப்படித்தான். பல்பைக் கழட்டினா மீட்டர்ல எண் தானா கொஞ்சம் ஏறும்.”

மாமுனி பின்கதவு வழியாகத் தவத்துக்குப் போய்விட்டார். பத்திரத்தை வாங்கி அக்கா தன் பையில் போட்டுக்கொண்டாள். இத்தனை பேர் கும்பிட்டார்களே என்று மாமா முனகினார்.

பக்கத்து நாற்காலிக்காரன் கும்பிடுகிறான் என்று கும்பிடுகிற பெரியவர்களே, அவனும் உங்களைப் பார்த்துத்தான் கும்பிடுகிறான். ஒரு தடவையாவது உங்கள் மூளையைக் கேட்டுப் பாருங்கள்; அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.