அமாவாசைக் கரை

செத்து ஐந்து மாதமான டிசைனர் திருஞானசம்பந்தம், நேற்றுப் பகல் பதினொன்றே முக்காலுக்குப் புதிதாக ஒரு சேலைக் கரை வரைந்திருந்தார்.

பேக்கப் டேப்பில் பெயர், தேதி, நேரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. யாளி வரிசை, ஒவ்வொரு யாளிக்கும் ஒற்றைக் கண். அது திரையிலிருந்து உதயகுமாரையே பார்த்தது.

"இன்னாப்பா இது? உன் பெட்டி செத்தவனையும் காப்பி எடுக்குதா?" என்றார் பட்டுக்கடை முதலாளி வீரபாகு.

டேப்பில் பேக்கப் எடுக்கும் அந்தப் பெட்டியை வாங்க வைத்தவன், கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உதயகுமார்தான். முன்பெல்லாம் சர்வரே பேக்கப்பும் எடுத்து மூச்சு வாங்கும். பில் நகராமல் கல்யாண கோஷ்டிகள் கத்தும். இப்போது டிஸ்க்கில் இருப்பதைப் பெட்டியே நேராக டேப்பில் ஏற்றிவிடும். சர்வருக்குச் சேதியே தெரியாது.

"பழைய டேப் கலந்திருக்கும், மொதலாளி. அழிச்சுடறேன்."

"போன மாசம் ஒரு மயில் கரை எடுத்தோமே, அது யாரு போட்டது?"

உதயகுமார் தேடிப் பார்த்தான். "அதுவும் அவருதான்."

"அடப்பாவி! அது பதினாறு தறியில ஓடிக்கினு இருக்குது! செத்தவன் போட்ட கரையைக் கட்டிக்கினு எவ மணையில உக்காருவா? இன்னொரு தபா வந்துச்சுனா, பெட்டியைத் தூக்கிக்கினு நீயும் கிளம்பு."

தேதிகளைப் பார்த்தபோதுதான் உதயகுமாருக்கு உறைத்தது. இரண்டும் அமாவாசை. அன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. இந்தக் கடையும் திறக்காது. உயிரோடிருப்பவர்களுக்கு லீவு, செத்தவர்களுக்கு அன்றுதான் வேலை நாள்.

அடுத்த அமாவாசைக்கு சர்வரையே அணைத்துவிட்டுப் போனான். வரைகிற கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பெட்டியும் அதைக் கேட்காமலே வேலை பார்த்தன. மறுநாள் டேப்பில் சம்பந்தம் பேரில் இன்னும் இரண்டு கரைகள். யார் வந்தது என்று குறித்துவைக்கும் சர்வரோ தூங்கியதால், அதைப் பார்க்கவும் வழியில்லை.

"ஆளும் இல்ல, தடயமும் இல்ல. சூப்பர்பா!" என்றார் வீரபாகு.

பூசாரி வந்தார். பெட்டி மேல் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். புகைக்குத் தீ மணி அலறியது. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த மூன்று குடும்பங்கள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடின.

"கடையில பேய் ஓட்டறாங்களாமே?" என்று தெருமுனை பூக்காரி வரை கேட்டுவிட்டாள்.

காலையில் கடையைத் திறந்து பெருக்குகிற அம்சா சாம்பலை அள்ளிக்கொண்டு போனாள். அவள் சம்பந்தத்தின் மனைவி; அவர் செத்ததும் வீரபாகு இரக்கப்பட்டுப் போட்டுக்கொடுத்த வேலை அது. "பாவம், அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார் வீரபாகு.

அடுத்த அமாவாசைப் பகல். வீரபாகுவும் உதயகுமாரும் பெட்டி அறையில் ஒளிந்திருந்தார்கள். பச்சை விளக்கு மினுக்கியது. ஏசியின் உறுமலைத் தவிர ஓசையில்லை.

பதினொன்றரை. வெளிக்கூடத்தில் 'டிக்... டிக்...'

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தத்தின் நாற்காலியில் அம்சா. இமை அசையவில்லை. கைமட்டும் தறி நாடா போல முன்னும் பின்னும் ஓடியது. திரையில் அன்னங்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

வீரபாகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கும்பிட்டார். "சம்பந்தம்! பொஞ்சாதி மேலயே எறங்கிட்டியா? இன்னா வேணுமோ கேளு. கடையை வுட்டுடு, ராஜா!"

அம்சா மவுஸை விடாமலே திரும்பினாள்.

"அவரு எங்க வந்தாரு, மொதலாளி? உசுரோட இருந்தப்பவும் அமாவாசைக்கு அமாவாசை நான்தான் வந்து அவரு பேர்ல வரைவேன். அவரு ஏசியில படுத்துத் தூங்குவாரு."