தலைவருக்கு அடியில் ஓர் ஏரி

வரைபடத்தின் கீழ்மூலையில் தலைவர் செல்லப்பன் மிளகு அளவுக்கு இருந்தார். பிரச்சினை அவ்வளவுதான்.

"இன்னாம்மா இது, கொசு மாதிரி இருக்காரு?" என்றார் மகாவீரன். செஞ்சியில் நிலஅளவையும் ஃப்ளெக்ஸ் அச்சும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் முதலாளி.

மணிமொழி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொக்குத்தாங்கல் ஏரியைத் தூர் வாரலாமா என்று பார்க்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். பதினோரு மணிக்கு வல்லத்தில் கூட்டம். மேடையில் தொங்கப்போகிற ஆறடி வரைபடத்துக்காக மூன்று வாரம் கரை கரையாக நடந்தவள் அவள். மதகுக்கு மதகு நின்று அளந்தவள். மூலையில் பொடி எழுத்தில் 'வரைந்தது: மணிமொழி' என்று இருக்கும் அவள் பெயரை முதன்முறையாக ஊர் பார்க்கப்போகிறது.

"போட்டோவ பெருசாக்கு. பாசன சங்கத் தலைவரு, மதிப்பா தெரிய வேணாமா?"

மவுஸால் பிடித்து இழுக்கும் மென்பொருள் அல்ல அது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுத வேண்டும். எந்தப் படம், எந்த இடம், எவ்வளவு அகலம். எழுதியதை மட்டும் செய்யும், மனதில் நினைத்ததைச் செய்யாது. மகாவீரனோ சொல்வது ஒன்று, நினைப்பது வேறொன்று. இருவருக்கும் நடுவில் மணிமொழி சம்பளம் வாங்கினாள்.

சென்டிமீட்டரை அழித்துவிட்டு அங்குலம் போட்டாள். தலைவர் ஒரே பாய்ச்சலில் இரண்டரை மடங்கு வளர்ந்தார். ஆனால் மீசைக்குக் கீழே இருந்ததெல்லாம் தாளுக்கு வெளியே போய்விட்டது.

"அய்யய்யோ, தலைவர வெட்டிட்டியே!"

"வெட்டல சார். எடம் பத்தல. மேல கொண்டுபோறேன்."

மேல்மூலைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே வடதிசை காட்டும் அம்புக்குறி இருந்தது. அது இப்போது தலைவரின் உச்சந்தலையிலிருந்து கிளம்பியது.

"கொம்பு மொளைச்சிருக்குது," என்றார் மகாவீரன், இறந்த வீட்டுக் குரலில். "மூலையே வாணாம். நட்ட நடுவுல, தாள் முழுக்க வை."

"நடுவுல ஏரி இருக்குது சார்."

"ஏரி எங்க ஓடிடப்போவுது? வைம்மா."

தாள் அளவுக்குப் பெருக்கி வைத்தாள். அந்த மென்பொருளில் முதலில் எழுதியது அடியில் போகும், பிறகு எழுதியது மேலே வரும். ஏரிக்கான வரி பின்னால் இருந்தது. தலைவரின் முகம் கழுத்து முதல் நெற்றி வரை நீலமானது. மூக்கின் நடுவே பாசன வாய்க்கால் ஓடியது. இடது கண்ணில் தெற்கு மதகு.

"முழுகிட்டாரா?" மகாவீரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "டென்ஷன் பண்ணாதம்மா. மணி பத்தாவப்போவுது!"

மணிமொழி படத்துக்கான வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினாள். தலைவர் நீரிலிருந்து எழுந்தார். ஏரி மொத்தமாக மறைந்தது. மூன்று வார நடை, பதினொரு மதகு, எல்லாமே சட்டைக் காலருக்குள் போய்விட்டன.

படத்தைப் பாதி கண்ணாடி போல ஆக்கினாள். ஏரியும் தெரிந்தது, தலைவரும் தெரிந்தார், ஆனால் மேலுலகத்திலிருந்து எட்டிப் பார்ப்பவரைப் போல.

"கண்ணீர் அஞ்சலின்னு கீழ எழுதிடலாமா? அவரு உயிரோட இருக்காரும்மா! பழையபடி மாத்து!"

"அப்ப ஏரி தெரியாது சார். ஏரிக்குத்தான் கூட்டமே."

"கூட்டத்துக்கு வரப்போறது ஏரியா, தலைவரா?"

இந்தக் கேள்விக்குக் கட்டளை கிடையாது; படத்தைப் பழையபடி மாற்றி அச்சுக்கு அனுப்பினாள். வெளியே ஆட்டோக்காரர் மூன்றாம் முறை ஹார்ன் அடித்தார். அச்சு இயந்திரம் ஆறடித் தலைவரை நிதானமாகத் துப்பியது.

வல்லத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. திரை விலகியதும் தலைவர் செல்லப்பன் தன் முகத்தைத் தானே பார்த்து நெகிழ்ந்து, கும்பிட்டும் விட்டார். மகாவீரன் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். மணிமொழி தூணுக்குப் பின்னால் நின்றாள். மூலையில் இருந்த தன் பெயரையாவது அழித்திருக்கலாம் என்று தோன்றியது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் அருகே போனார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலைவரின் காதோரம் குனிந்தும் பார்த்தார்.

"இத வரைஞ்சது யாரு?"

மகாவீரனின் விரல் தூணைக் காட்டியது.

"ஏரிய காணோமேம்மா?"

பொய் சொல்ல நேரமில்லை. "இருக்குது சார்," என்றாள் மணிமொழி. "தலைவருக்கு அடியில இருக்குது."

தலைவரின் கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. நாளை முதல் வேலை இல்லை என்று மணிமொழி முடிவுகட்டிய நேரத்தில், கடைசி வரிசையில் கடைமடை விவசாயி ரத்தினம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இதத்தான் சார் நாங்க நாலு வருசமா ஆக்கிரமிப்பு மனுவுல எழுதிக் குடுத்துக்கினு இருக்கறோம்!"