பின்சீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

மதுரை வட்டாரத்தில் பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் நிறுத்தினால், அவர்களில் ஒருவர்கூடப் பின்சீட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனவராக இருக்க மாட்டார். இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருக்காரர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை. முப்பது வருஷம் அதிகாரிகளுக்கு ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் பழைய கார் பார்க்கப் போனால் பானட்டைத் திறக்க மாட்டார், டயரை உதைக்க மாட்டார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவும் மாட்டார். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு, "எடுங்க" என்பார்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு புரோக்கர் முதல் வேகத்தடையிலேயே அலறிவிட்டார்.

"அண்ணே, புது சீட் கவருண்ணே! அம்புட்டும் நனையுதுண்ணே!"

"கவர் நனைஞ்சா காஞ்சிரும். வாங்குறவன் இடுப்பு ஒடிஞ்சா நீயா வந்து ஒட்டவைப்ப?"

இஞ்சின் கெட்டால் மெக்கானிக் இருக்கிறார், கார் என்பதே பின்னால் உட்காருகிற ஆளுக்காகத்தான் என்பது அவர் கட்சி.

எனக்கு அப்போது அம்மாவுக்காகத்தான் கார் தேவைப்பட்டது. மாமா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூட்டுவலியால் அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. உசிலம்பட்டியில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்து ஒரு வருஷமாகிவிட்டது என்று தினமும் கண்கலங்குவாள்.

நான் ஒரு சிவப்பு வண்டியில் மயங்கினேன். அப்படி ஒரு மினுமினுப்பு. மாமா செம்போடு ஏறிச் சுற்றி வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டேன். மாமா கதவைப் பிடித்து, முக்கி முனகி இறங்கினார்.

"வேணாம் மாப்ள."

"தண்ணி சிந்தலையே மாமா!"

"சீட்டு பள்ளத்துல கெடக்கு. அக்கா உக்காந்துருவாக, எந்திரிக்க முடியாது. நாலு பேரு முன்னாடி கையப் பிடிச்சுத் தூக்குனா வெக்கப்படுவாக. அப்பறம், நான் எங்கயும் வரலன்னு வீட்டுலயே இருந்துக்கிருவாக."

ஆறு வண்டிகளைத் தள்ளிவிட்டு ஏழாவதாக அவர் சரி சொன்னது, சாம்பல் நிறத்தில், பக்கமெல்லாம் நசுங்கி, ஹாரன் அடித்தால் ஆடு கத்துவதுபோல் கேட்கும் ஒரு வண்டிக்கு. எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். உசிலம்பட்டியில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு நான்கு வருஷம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பிவைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுவேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. விற்றுவிட முடிவு செய்தேன். வாங்க வந்தவர் விவரமானவர். கையோடு பின்சீட்டு மாமாவைக் கூட்டி வந்திருந்தார்.

மாமா செம்போடு ஏறினார். நான் ஓட்டினேன். அவர் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"வேணாங்க" என்றார் வந்தவரிடம். அவர் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களே பாத்து வாங்கிக் குடுத்த வண்டி மாமா! இதுல என்ன கொறையக் கண்டீங்க?"

மாமா செம்புத் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றினார்.

"கண்ணாடி இன்னும் அக்கா மொகத்தப் பாத்துத்தான் இருக்கு மாப்ள. அத ரோட்டப் பாத்துத் திருப்ப ஒனக்கு என்னைக்கு மனசு வருதோ, அன்னைக்கு வித்துக்க."

இன்னும் திருப்பவில்லை. இப்போது மாமாவுக்கும் முழங்கால் பிடித்துக்கொண்டது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். செம்பு இல்லாமல்தான் வருகிறார். பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியதும் தூங்கிவிடுகிறார். வேகத்தடை வந்தால் வண்டியை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்குகிறேன், அவர் மடியில் செம்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு.