பாகவதர் கண்ட சோலைபாடி

பாகவதரை யானைக் காட்டுக்குள் அனுப்பியது நான்தான். வன்னி முழுவதும் தேடினாலும் அப்படி இன்னொரு பிறவி கிடையாது என்று தெரிந்தும் அதைச் செய்தேன்.

முள்ளியவளையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தகரத்தை இழுப்பதுபோன்ற குரல். அதனால் கேலியாக வந்த பட்டம். கடைக்குப் பின்னே காட்டோரத்தில் சோலைபாடி விசிலடித்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் ரியூப்பைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். கறுத்த முதுகும் செம்மண் நிற வயிறும் நீள வாலுமுள்ள அந்தக் குருவி ஊருக்கு ஊர் வேறுவிதமாகப் பாடும் என்பது அவர் கட்சி. செட்டிகுளத்துக் குருவி பஸ் பிடிக்க ஓடுகிறவனைப்போல அவசரப்படுமாம். எங்களூர்க் குருவி, கோயில் கூட்டத்தில் பேசுகிறவர்களைப்போல, முடிக்கவே முடிக்காதாம். ஒருமுறை வவுனியா பஸ்ஸையே மறித்து, குருவி பாடுகிறது, எஞ்சினை நிற்பாட்டு என்றார். சாரதி திகைத்துப்போய் நிற்பாட்டினான்.

எனக்குப் படித்தவன் என்ற திமிர். மலேசியாவிலிருக்கும் மருமகன், அங்கே கூண்டில் வளரும் சோலைபாடியின் பாட்டை அனுப்பியிருந்தான். ஒரு காலை, கைபேசியை அவர் கடைக்குப் பின்னாலுள்ள பாலை மரப் பொந்தில் வைத்து அதை ஒலிக்கவிட்டேன். பாகவதர் விறைத்துப்போனார்.

"மாஸ்டர், இது எங்கட ஆளில்லை. வரத்தன்."

அவர் கடைக்குள் போனதும் கைபேசியை எடுத்துக்கொண்டு, சிரித்தபடி வீடு வந்தேன்.

மறுநாள் கடை பூட்டு. "அந்தாள் விடியமுந்தியே குருவி தேடிக் காட்டுக்குள்ள போட்டுது" என்றார் அவர் மனைவி. அந்தக் கிழமைதான் யானை ஒரு வாழைத்தோட்டத்தை மிதித்துப்போட்டிருந்தது. ஊரே தேடியது. பின்னேரம் தானாக வந்தார். சாரத்தில் பாதி இல்லை, ஒரு செருப்பு இல்லை. யானை கலைக்க ஓடினாராம். அதை ஏதோ மழை தூறியதுபோலச் சொன்னார்.

"கண்டனான் மாஸ்டர். வால் இவ்வளவு நீளம்."

எல்லோர் முன்னிலும் கைபேசியை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன். செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பாகவதர் கண்ணை மூடி, முழுவதையும் கேட்டார்.

"ஓம், நேற்றுக் கேட்டது இதுதான். நான் கண்டது வேற."



இப்போது கிழமைதோறும் அந்தக் குருவியைத் தேடிக் காட்டுக்குள் போகிறார். நானும் யானையை விரட்ட யானைவெடியோடு கூடப் போகிறேன். கொளுத்தினால் குருவி பறந்துவிடும் என்று தீப்பெட்டியைத் தன் மடியில் கட்டிக்கொள்வார். ஆகவே அவருக்கு முன்னால் நடக்கிறேன். யானை வந்தால் முதலில் என்னைக் காணட்டும்.