குணாளன் முடிக்காத விரதம்

நாளை தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்பு அவிழ்க்கிறார்கள். கையில் மஞ்சள் கயிறு கட்டிய மற்றவர்கள் கோழிக்குழம்பை நினைத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து லோரி ஓட்டும் குணாளன் மட்டும் விரதம் முடியக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

விரதம் முடிந்தால் ஹாலில் கிடக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு மனைவி குமுதாவின் அறைக்குப் போக வேண்டும். போக ஆசைதான், கொள்ளை ஆசை. ஆனால் மூன்றாவது பெண் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் அவள் கிடந்த கிடப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொன்று உண்டானால் பிழைப்பாளா? இதை வாய்விட்டுக் கேட்கவும் வெட்கம். பாவி மனுஷன், சாமியைப் பிடித்துக்கொண்டான்.

காப்பு அவிழ்த்த கையோடு ஏதோ வேண்டுதல் என்றான். பிறகு ஆடி விரதம், புரட்டாசி, சஷ்டி. அது முடிந்ததும் ஐயப்பன் மாலை. குமுதா இரண்டொரு முறை எதையோ சொல்ல வந்தாள். அவன் சரணம் சொல்லிக்கொண்டே நழுவினான்.

தோட்டம் முழுக்க அவன் பக்தி பரவியது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு தம்பதி பிள்ளை வரம் கேட்டு வந்து, அவன் கையால்தான் துன்னூறு வேண்டும் என்று நின்றது. கொடுத்துத் தொலைத்தான். கொஞ்ச நாளில் அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. அதன்பிறகு வாசலில் செருப்பு குறையவில்லை.

கோயில் தலைவர் திருச்செல்வம் சும்மா இருப்பாரா? பஜனையன்று மைக்கைப் பிடித்தார்.

"மூணும் பொண்ணாப் போச்சேன்னு ஆம்பளப் பிள்ளைக்காகத் தவம் கெடக்குறாரு நம்ம குணாளன். எல்லாரும் அவருக்காக வேண்டிக்குங்க."

மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். குணாளன் கையெடுத்துக் கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் குமுதாவே ஹாலில் அவன் பாயை விரித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிள்ளைக்குப் பயந்து பெண்டாட்டியையே இழந்துவிடுவோம் போலிருக்கிறதே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். பிரசவத்தின்போது குமுதாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் உமாதேவியின் முன்னால் போய்த் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மிஸ்ஸி, ஆம்பளைங்களுக்கு ஒரு ஆபரேசன் இருக்காமே, அத எனக்குப் பண்ணிவிடுங்க. ஆம்பளப் பிள்ளையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு இவ இருந்தாப் போதும். அந்தப் பயத்துலதான் சாமி பேரச் சொல்லித் தள்ளிப் படுத்தேன்."

குமுதா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உமாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆம்பளப் பிள்ளைக்கு ஏங்குறாருன்னு பயந்துகிட்டு இன்னுமா சொல்லாம இருக்க, குமுதா? அண்ணே, கடைசிப் பிள்ள பொறந்த அன்னிக்கே இவங்க கருத்தடை ஆபரேசன் பண்ணிக்கிட்டாங்க."