சாருமதியை நான் கல்லூரிக்கு அனுப்பிய கதை

ஒரு பிரபல எழுத்தாளரின் தொடர்கதையை நான் பதினாறு வாரம் மாற்றி அமைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல், அவருடைய அனுமதி இல்லாமல், ஒரு வரிகூட எழுதாமல்.

இதை இவ்வளவு நாள் வெளியே சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். போன மாதம் ராஜபாளையத்தில் புதிதாகத் திறந்திருக்கும் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்தபோது அந்த வெட்கம் பாதி போய்விட்டது. (ஒரு பக்கம் திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.) வெளிநாடுகளில் ஒரு கதையின்மேல் பைத்தியமாக இருப்பவர்கள் ஒன்று சேர்ந்து, அதில் வரும் ஆட்களை எடுத்துக்கொண்டு தாங்களே புது அத்தியாயங்கள் எழுதுகிறார்களாம். செத்தவனைப் பிழைக்க வைக்கிறார்கள், பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கிறார்கள். அடுத்தது எப்போது வரும் என்று முகம் தெரியாத ரசிகர்கள் நச்சரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் எங்கள் தெருவில் ஏழு பெண்கள் கம்ப்யூட்டர் இல்லாமலேயே செய்து, கையும் களவுமாக மாட்டியும் கொண்டோமே.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்த முதல் ஆள். (இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. கேட்க மறந்தவர்களிடம் மட்டும் சொல்வேன்.) அப்பா மில் தொழிலாளி. மில் ஆபீசில் படித்துப் போட்ட வார இதழைச் சனிக்கிழமைதோறும் கொண்டுவருவார். மத்தியானம் அம்மாவும் தெருப்பெண்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, மருந்துக்கட்டுத் துணி நெய்யும் தறிகளுக்கு நூல் சுற்றுவார்கள். அவர்களுக்கு நான் தொடர்கதை வாசிப்பேன். ஆறு பேருக்கும் எழுத்து தெரியாது. தெருவில் படித்திருந்த ஒன்றிரண்டு ஆண்கள் தொடர்கதைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். ஆக, அந்தத் தெருவின் மொத்த இலக்கியமும் என் வாயில்தான் இருந்தது. அந்த வயதில் ஒருத்திக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது.

கதாநாயகியின் பெயர் சாருமதி. கெட்டிக்காரப் பெண். அவளைப் படிக்கவிடாமல், சொத்துக்காகத் தன் மகனுக்கு முடித்துவிடத் துடிக்கும் அத்தை ஒருத்தி உண்டு. ஒரு வாரம் பார்த்தால், கதையின் கடைசிப் பக்கத்தை மில்லில் யாரோ வடை மடிக்கக் கிழித்திருந்தார்கள். பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் கௌரவம் விடவில்லை. சாருமதி பின்வாசல் வழியாக ஓடி, பஸ் ஏறி, கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக வாசித்துவிட்டேன். ராட்டைகள் நின்றே போயின.

அடுத்த வாரம் இதழைப் பிரித்தால், அத்தை மகன் சாருமதியின் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு முகங்கள். அதில் ஒன்று அம்மாவுடையது. என்னை ஜூன் மாதம் மில்லில் சேர்த்துவிடுவது, இரண்டு வருடத்தில் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. அந்தத் தாலியை என்னால் வாசிக்க முடியவில்லை. சாருமதியை ஹாஸ்டலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு கதை எங்கள் எல்லோருடைய கைக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சங்கரம்மா அத்தைக்கு, கதையில் வரும் அத்தை அழிந்து போகவேண்டும். 'அவ கை வெளங்காமப் போவணும்ட்டி' என்று வாரம் முழுக்கப் புலம்பினாள். மறு சனிக்கிழமை அந்த அத்தைக்கு வலது கை விழுந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் லட்சுமக்கா, சாருமதிக்கு ஒரு சிநேகிதி இல்லையே என்று வருத்தப்பட்டாள். உடனே ஒரு சிநேகிதி வந்தாள். அவளும் தெலுங்கு பேசினாள். அம்மா மட்டும் வேறு மாதிரிக் கேள்விகள் கேட்பாள். ஹாஸ்டலில் சோறு எப்படி, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பஸ்ஸில் கூட யார் வருவார்கள். கதையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நானும் நல்ல கனமான தாழ்ப்பாளாகப் போட்டுக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வாரம் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தப் பிள்ள போயிட்டுத்தான வருது. என்ன கெட்டுப் போச்சு? நம்ம செல்வியும் போவட்டும்."

மே மாதம் ரிசல்ட் வந்தது. பாஸாகிவிட்டேன். கல்லூரி விண்ணப்பம் வாங்கவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மில் கிளார்க் அப்பாவிடம் ஒரு சேதி சொன்னார். அந்த எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசகர்களைச் சந்திக்க வருகிறாராம்.

"நமக்கு இம்புட்டு நல்லது செஞ்ச மனுசன், ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்" என்றாள் அம்மா. எனக்குக் காய்ச்சல் என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். ஆறு பெண்களும் எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழத்தை ஒரு கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஞ்சராகட்டும் என்று வழிநெடுக வேண்டினேன். அந்த பஸ் அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூட ஹால் நிறையக் கூட்டம். எழுத்தாளர் ஒல்லியாக, சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் சங்கரம்மா அத்தை எழுந்துவிட்டாள்.

"ஐயா, சாருமதி மொத வருசம் பாஸாயிட்டாளா?"

அவர் யோசித்தார். "எந்த சாருமதிம்மா?"

"நம்ம சாருமதிதான். காலேஜுல படிக்காளே."

"அவளுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆச்சேம்மா."

"பிள்ளையா? ஹாஸ்டல்லயா?" என்றாள் லட்சுமக்கா.

ஹால் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வாராவாரம் கதையைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த கட்டைப் பிரித்து, தாலி கட்டிய அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தார். சங்கரம்மா அத்தை அசரவில்லை. அச்சடித்தவர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "எங்க செல்வி பன்னெண்டு படிச்சவ. அவ தப்பா வாசிப்பாளா?" என்று என்னைக் கைகாட்டினாள்.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பூமி பிளந்து சீதையை உள்ளே வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஹால் தரை கெட்டி சிமெண்ட்.

"கிழிஞ்ச பக்கத்துக்கு நானா சொன்னேன். பொறவு நிறுத்த முடியல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

கல்லூரி போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். போய்வரும் சாருமதியை நம்பித்தான் அம்மா சம்மதித்திருந்தாள். அந்தச் சாருமதியே இல்லையே.

அம்மா மாம்பழக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"நீங்க எதுக்குய்யா அந்தப் பிள்ளையப் படிக்க விடல?"

எழுத்தாளர் தன்மையாகத்தான் சொன்னார். "வீட்டுல விடமாட்டாங்களேம்மா. நடக்கறதைத்தானே எழுதணும்."

"எந்த வீட்டுல?" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எழுத்தாளர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சோடாவை எடுத்து மெதுவாகக் குடித்தார். பாட்டில் காலியான பிறகும் கீழே வைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் சங்கரம்மா அத்தை என் காதருகே வந்து, "அந்த அத்தைக்காரிக்குக் கை விழுந்தது நெசந்தான?" என்று கேட்டாள். அதுவும் நான்தான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றதையெல்லாம் மன்னித்தவள், அதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டைப் பார்த்தே போடுவாள். நாலாம் நாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்பு. காலேஜுல ஃபாரம் குடுக்காவளாம்."

"அம்மா, அந்தக் கதை..."

"கத பொய்யின்னா என்ன? பஸ்ஸு நெசமாத்தான போவுது." வாசல் தாண்டும்போது திரும்பினாள். "ஆனா ஃபாரத்த நீ வாசிக்காத. மில்லு கிளார்க்கு வாசிக்கட்டும்."

விண்ணப்பம், ஃபீஸ் ரசீது, மார்க் பட்டியல் எல்லாமே மூன்று வருடமும் கிளார்க்கின் கையால் சரிபார்க்கப்பட்டன. பாவம், மனிதர் எங்களைக் கண்டாலே வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் அம்மா மாலை நேரத்து எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் எழுத்து படித்த இரண்டாவது ஆள் உருவானது, முதல் ஆள்மேல் இருந்த அவநம்பிக்கையால்.

எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று கவரைப் பிரித்து, சத்தமாக வாசிக்க வாயைத் திறந்தேன். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, உதட்டை அசைத்து அசைத்து அரை மணி நேரம் வாசித்தாள். நானும் அப்பாவும் நின்றுகொண்டே இருந்தோம்.

கடைசியில் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"இது நெசந்தான். நீ எழுதியிருந்தா கலெக்டர்னுல்லா போட்டிருப்ப. இதுல கிளார்க்குன்னுதான் இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் எனக்குப் பெயர் கலெக்டரம்மா. ஆபீஸுக்குக் கிளம்பும்போது சங்கரம்மா அத்தைகூட எழுந்து நின்று வழிவிடுகிறாள்.