இன்சூரன்ஸ்காரர் கேட்ட ஒரே கேள்வி

786

கல்முனைக்குடி
16.01.1982

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் அபுல் ஹஸன் அவர்களுக்கு, மாமா முத்தலிப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உங்கள் மாமி சரீபா, உங்கள் மனைவி சுல்பிகா, உங்கள் உம்மா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். ஜித்தாவில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னாலும் துஆக் கேட்கிறோம். எல்லோரும் சுகம் என்று எழுதியது முழு உண்மை. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

பதற வேண்டாம். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று சுல்பிகா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். தெரிந்தால் நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பிளேனில் வந்து இறங்கிவிடுவீர்களாம். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இப்போது நம்மூரில் சவூதிக்குப் போகாத ஆள் யார் இருக்கிறார்கள்? யாராவது ஒருவன் ஜித்தாக் கடைத்தெருவில் உங்களைக் கண்டு, சலாம் சொன்ன கையோடு உங்கள் வீடு விழுந்துவிட்டதாமே என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? வீடு விழவில்லை. கூரையில் பாதிதான் விழுந்தது. அதைச் சரியான அளவில் சொல்வதற்காகவே இந்தக் கடிதம்.

கிணற்றடித் தென்னை உங்களுக்கு நினைவிருக்கும். சூறாவளி அடித்த வருஷம் மற்ற மரமெல்லாம் ஒழுங்காக விழுந்துவிட, அது மட்டும் பாதி சாய்ந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து நம் கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் நின்றது. வெட்டச் சொல்லாத ஆள் இல்லை. நானும் ஆள் பிடித்து நாள் குறித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கல்யாணம் வந்தது. நீங்கள் மாப்பிள்ளையாக வந்த மறுநாள் காலையில் அந்த மரத்து இளநீரைக் குடித்துவிட்டு, "இப்பிடி ஒரு இளனி நான் குடிச்சதே இல்ல மாமா" என்றீர்கள். அதற்குப் பிறகு அதில் கத்தி வைக்க எனக்கு மனம் வருமா? ஆகவே மரம் விழுந்ததில் ஒரு வகையில் உங்களுக்கும் பங்குண்டு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் வாடைக்காற்று பிடித்து வீசிய ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். சுல்பிகா முன்னறையில் படுத்திருந்தாள். உங்கள் மாமி குசினியிலிருந்து கஞ்சி குடிக்க வரச்சொல்லிக் கத்தினாள். இவள் வரமாட்டேன் என்றாள். அவள் விடவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து இவள் குசினிக்குள் கால் வைத்தாள், முன்னறையில் தென்னை இறங்கியது. ஓடு, கூரைமரம், சுவரில் மாட்டியிருந்த உங்கள் போட்டோ எல்லாம் ஒன்றாகக் கீழே வந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய கெசட் ரேடியோ மட்டும் தென்னைக்கு அடியில் கிடந்து பாடிக்கொண்டே இருந்தது. அதைச் செய்த ஜப்பான்காரனை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். புழுதி அடங்கியபோது சுல்பிகா கஞ்சிக் கோப்பையோடு குசினி வாசலில் நிற்கிறாள். அதைக் கண்டதும் நான் ஓட்டுக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்களுக்கு எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால் பிள்ளை பிறக்க அதிக நாள் இல்லை. உங்கள் உம்மா மகாராசி, அன்றைக்கே வந்து, என் வீட்டுக்கு வா மகள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். சுல்பிகா அசையவில்லை. "என்ட புள்ள என்ட ஊட்டுலதான் பொறக்கும் மாமி" என்று சொல்லிவிட்டாள். பின்னறைக்கு மேலே தென்னங்கிடுகு போட்டு அவளை அங்கே படுக்க வைத்திருக்கிறோம். மழை பெய்தால் நானும் உங்கள் மாமியும் ஆளுக்கொரு சட்டியோடு ஒழுக்கைத் தேடி ஓடுகிறோம். பிள்ளை பிறப்பதற்கு முன் கூரை ஏற வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. ஆனால் நீங்கள் ஒரு சதமும் அனுப்பக் கூடாது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் கடமை. நான் கூரையோடுதான் கொடுத்தேன். கூரை போனால் அதைத் திரும்பப் போட வேண்டியதும் நான்தான். மருமகன் காசில் ஓடு ஏறினால், முத்தலிப் மகளுக்குக் கொடுத்தது வெறும் சுவர்தான் என்று ஆகிவிடும். ஆகவே தயவு செய்து சும்மா இருங்கள்.

என்னிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது. சூறாவளிக்குப் பிறகு ஏஜெண்டு ஒருவர் வந்தபோது போட்டேன். வீடு விழுந்தால் காசு தருகிறோம் என்கிறவனுக்கு வருஷா வருஷம் கட்டுவது வீட்டை விழச்சொல்லிக் கேட்பது போல என்று உங்கள் மாமி அப்போதே ஏசினாள். மரம் விழுந்த அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தாள் போதாது. மறுநாள் இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ் உங்கள் பெயரில், வீடு சுல்பிகா என்பவரின் பெயரில், நீங்கள் யார் என்று கேட்டார். நான் சுல்பிகாவின் வாப்பா என்றேன். அது பதில் இல்லையாம். மகளுக்குச் சீதனமாக எழுதியதைக் கந்தோருக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார். நான் யாருக்கு அறிவிக்கவில்லை மருமகன்? ஊர் கூடிய பந்தலில் வைத்தல்லவா சொன்னேன். இன்சூரன்ஸ் கந்தோரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டது தப்பாகப் போய்விட்டது.

அதனால்தான் அப்புக்காத்து பாக்கியராசாவிடம் போனேன். காரைதீவுக்காரர், கல்முனைக் கோட்டில் வழக்குப் பேசிப் பேர்போனவர். நான் வட்டவிதானையாக இருந்து வாய்க்கால் தண்ணீர் பங்கிட்ட காலத்தில் அவருடைய அப்பாவின் வயல் கடைமடையில் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போகும் வரை நான் வீட்டுக்குப் போனதில்லை, அதை அந்தக் குடும்பம் மறக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வீடு போனால் யாருக்கு நட்டமோ அவருக்குத்தான் இன்சூரன்ஸ் என்பது சட்டமாம். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவர், மகள் வீடு விழுந்தால் உங்களுக்கு என்ன நட்டம் காக்கா என்று என்னையே கேட்டார். நான் எழும்பிவிட்டேன். மகளுடைய வீடு விழுந்தால் வாப்பாவுக்கு என்ன நட்டம் என்று கேட்கிற படிப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசல் வரை போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு என் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினார். "கோபப்படாதீங்க காக்கா, உங்களுக்கு நட்டம் இரிக்கு எண்டுதான் நான் அவங்களுக்குச் சொல்லப்போறன்" என்றார்.

பொய் ஒன்றும் சொல்லக் கூடாது, ஆனால் உண்மையில் தேவையானதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது அவர் புத்திமதி. வீட்டைக் கட்டியது நான், அதில் இருப்பது நான், பழுதானால் திருத்துவதும் நான். இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் பார்க்க வரும்போது இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வரும் வழியெல்லாம் சைக்கிளில் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிவாசல் சந்தியில் எதிரே வந்த ஒருவர் எனக்குச் சுகமில்லையா என்று மாமியிடம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காலிதீன் என்று பெயர், சம்மாந்துறைப் பிள்ளை, சின்ன வயது. பாக்கியராசாவும் வந்து பக்கத்தில் நின்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து உங்கள் உம்மா சுல்பிகாவுக்கு மீன் ஆணம் காய்ச்சிச் சட்டியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை விரித்து, "காக்கா, இந்த ஊடு ஆர்ர ஊடு?" என்று கேட்டார். நான் உங்கள் உம்மாவைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். உங்கள் உம்மாவைப் போல ஒரு நல்ல மனுசி இல்லை. ஆனால் காலையில் அவர்கள் காதில் விழுந்தது லுஹர் தொழுகைக்குள் மருதமுனை போய்ச் சேரும் என்பது நீங்கள் அறியாததல்ல. பெண்ணுக்குக் கொடுத்த வீட்டைக் காசுக்காகத் தன்னுடையது என்று சொன்னான் முத்தலிப் என்று நாளைக்கு நாலு பேர் கதைத்தால் நான் எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது? மூன்று வசனமும் மறந்துபோயிற்று. "என்ட ஊடு இல்ல தம்பி, இது என்ட மகள்ட ஊடு, நிக்காஹ் அண்டே குடுத்தாச்சி" என்று கிணற்றடி வரை கேட்கும்படி சொல்லிவிட்டேன். பாக்கியராசா கண்ணை மூடிக்கொண்டார்.

உடனே கதவுக்குப் பின்னாலிருந்து சுல்பிகாவின் சத்தம். "இல்ல, அது வாப்பாட ஊடுதான். நான் சும்மா இரிக்கன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் பெயரில் எழுதிய வீட்டை நீ எப்படி எனக்குத் தருவாய் என்று கேட்டேன். கட்டினவர் நீங்கள், கஷ்டப்பட்டவர் நீங்கள், உங்களுடையதுதான் என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். உன்னுடையது என்று நான், உங்களுடையது என்று அவள். இன்ஸ்பெக்டர் எழுதியதை வெட்டுகிறார், வெட்டியதை எழுதுகிறார். ஒரு வீட்டை என்னுடையது என்று இருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாராம், வேண்டாம் என்று அடித்துக்கொள்வதை இன்றுதான் பார்க்கிறாராம். உங்கள் உம்மா மீன் சட்டியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் பாக்கியராசா கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து மெதுவாக, "தம்பி கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஓம், போன வருஷம் என்றார் அவர்.

"இப்ப இரிக்கிற ஊடு ஆர்ர?"

"பொஞ்சாதிட."

"மழைக்கு ஒழுகினா ஆரு ஓடு மாத்துற?"

அந்தப் பிள்ளை நம் கூரையிலிருந்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, "மாமாதான்" என்றது.

இதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன், இந்தக் கரையில் வாப்பாமார் வீட்டைக் கொடுப்பார்கள், ஆனால் அதன் நட்டத்தைக் கொடுப்பதில்லை, அதைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள், அப்படியே எழுதுங்கள் என்றார் பாக்கியராசா. கடைமடைக்கு நான் விட்ட தண்ணீர் வீண்போகவில்லை மருமகன். இன்ஸ்பெக்டர் குனிந்து நிறைய எழுதினார். ஆனால் தான் மட்டும் முடிவு சொல்ல முடியாதாம், திங்கட்கிழமை மட்டக்களப்புக் கந்தோரிலிருந்து பெரியவர் வருவாராம், அவர் கேட்கும்போது இந்த வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டுமாம். நானும் சுல்பிகாவும் அதிலிருந்து கதைக்கவில்லை. வீட்டை வாங்கிக்கொள்ளும் வரை அவள் என்னோடு கதைக்க மாட்டாளாம்.

ஆகவே நீங்கள் கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள். வரவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம், இந்த விஷயம் தெரிந்ததாக சுல்பிகாவுக்கு எழுதவும் வேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் உண்ணக் குறையாத ரிஸ்க்கையும் தந்து, உங்கள் தலைக்கு மேலே எப்போதும் ஒரு நல்ல கூரையை வைத்திருப்பானாக. மாமியின் சலாம். அறையில் உங்களோடு தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் என் சலாமைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா முத்தலிப்

பி.கு.: பெரியநீலாவணைப் பக்கம் றோட்டுக்கு மேலே வெள்ளம் பாய்ந்ததால் தபால் போகவில்லை, கடிதம் வீட்டிலேயே கிடந்தது. இன்று திங்கட்கிழமை. வெள்ளம் வற்றி பெரியவர் மட்டக்களப்பிலிருந்து வந்து, கிணற்றடியில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு உங்கள் உம்மா வந்தார்கள். காலையிலிருந்து மருத்துவிச்சியோடு அவர்கள்தான் உள்ளே இருந்தார்கள். கையில் துணியில் சுற்றி ஒரு பெண் பிள்ளை. "ஊட்டுக்காரி இப்பதான் வந்திரிக்கா. கேக்கிறதெண்டா இவட்டக் கேளுங்க" என்றார்கள். பெரியவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் எழுதியதற்குக் கீழே சரி என்று கையெழுத்து வைத்துவிட்டுச் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தார். சுல்பிகா நல்ல சுகம். நேற்று வரை கதைக்காதவள் இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நம் ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை வாப்பா என்று சிரித்தாள். உங்கள் உம்மாவின் நாக்கைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். இன்று அவர்கள் சொன்னது மருதமுனை என்ன, மட்டக்களப்பு வரை போகட்டும். காசு அனுப்ப வேண்டாம், வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடவும். அது என் மகள் வீட்டுக்காக எழுதியது. இது உங்கள் மகள் வீடு. நான் தடுக்க முடியாது, இனிக் கூரை உங்கள் பாடு. வந்து ஓடா அஸ்பெஸ்டஸ் சீற்றா என்று நீங்களே சொல்லுங்கள், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பெண்ணைப் பெற்ற வாப்பாவுக்கு, பெண்ணைப் பெற்ற இன்னொரு வாப்பா எழுதியது.